மேஸ்திரிக்கு முதலில் வந்தது

பட்டாபிராம்
6.1.2025

அன்புள்ள சுசீலாவுக்கு,

பரந்தாமன் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் ஓரமாக வைத்துவிடாதே. ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. காகிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே வர முடியாது.

என்னிடம் ஒரு பூனை இருக்கிறது. கோபப்படு, ஆனால் தொடர்ந்து படி. நம் அம்பத்தூர் ஃபிளாட்டை விட்டு நான் இங்கே அண்ணன் வீட்டு மாடிக்கு வந்த மூன்றாம் மாதம் அதுவாக வந்து சேர்ந்தது. ஆண் பூனை. வலது காதில் பாதி இல்லை. அப்போது பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். தினமும் காலையில் போய்ச் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து ஆட்களை மேற்பார்வை பார்க்கும். அதனால் மேஸ்திரி என்று பெயர் வைத்தேன்.

டிசம்பரிலிருந்து அவனுக்கு மூக்குத்தண்டு வீங்கிக்கொண்டே வருகிறது. தும்மினால் கெட்டியான சளி. ஆவடியில் டாக்டர் வர்ஷா என்று ஒரு பெண், சின்ன வயது, கால்நடை மருத்துவர். அவரிடம் காட்டினேன். ரத்தத்தில் ஒரு வைரஸ் இருக்கிறதாம், பூனைகளுக்கு வரும் எய்ட்ஸ் மாதிரி. சண்டையில் கடிபட்டு வந்திருக்கும், மனிதருக்குத் தொற்றாது என்று இரண்டு தடவை சொன்னார். ஆனால் மூக்கு வீக்கம் அந்த வைரஸால் மட்டும் இல்லை, உள்ளே வேறு ஏதோ குடியேறியிருக்கிறது, சளியைப் பரிசோதித்தால்தான் தெரியும் என்கிறார். நீ இருபது வருஷமாக லேபில் கிருமிகளோடு பழகுகிறவள். அண்ணன் வெள்ளிக்கிழமை கொண்டுவருவார். பார்த்துச் சொல்.

நான் நன்றாக இருக்கிறேன். மாத்திரை நேரம் தவறவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

பரந்தாமன்

அம்பத்தூர்
10.1.2025

பரந்தாமன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முடிக்கும்வரை குறுக்கே வரவில்லை. இப்போது வருகிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் என் இடப்பக்கத்துச் சிறுநீரகத்தை எடுத்து உங்கள் வயிற்றில் வைத்தார்கள். உங்கள் உடம்பு அதைத் துரத்திவிடக் கூடாது என்பதற்காகத் தினமும் இரண்டு வேளை மாத்திரை போட்டு உடம்பின் எதிர்ப்பையே பாதியாகக் குறைத்து வைத்திருக்கிறோம். செடிமண்ணைத் தொட வேண்டாம், கூட்டத்தில் முகக்கவசம் இல்லாமல் நிற்க வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் இன்னும் இங்கே குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டியிருக்கிறது. தெருவில் சண்டை போட்டு வைரஸ் வாங்கி வந்த பூனையோடு நீங்கள் வாழ்கிறீர்கள். அது உங்கள் தலையணையில் தூங்குகிறது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

உங்கள் அண்ணன் இன்று மதியம் லேப் வாசலில் வந்து நின்றார். சாப்பாட்டுப் பையிலிருந்து குழாயை எடுத்து நீட்டினார். "பூனை மூக்குச் சளிய எடுத்துகினு ரயிலேறி வந்து கீறேன். இதெல்லாம் என் தலையெழுத்து" என்றார். நான் சிரிக்கவில்லை. "மாமா, அவர் எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். "நல்லாத்தாம்மா கீறான். கொஞ்சம் படுத்துகினே கீறான்" என்றார்.

படுத்துக்கொண்டே ஏன் இருக்கிறீர்கள்?

எங்கள் லேப் டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வேலை முடிந்ததும் பார்க்கிறேன். பூனைக்காக இல்லை.

சுசீலா

அம்பத்தூர்
13.1.2025

நேற்றிலிருந்து நான்கு முறை போன் செய்துவிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. அந்த வீட்டுப் படி ஏறாதே என்று நீங்கள் போகும்போது சொன்னதை நான் இதுவரை மீறவில்லை. அதனால் அண்ணனைப் பட்டாபிராம் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி இதை அவர் கையில் கொடுக்கிறேன். நாளை பொங்கல், தபால் வராது. உடனே படியுங்கள்.

சளியில் ஒரு சொட்டோடு கறுப்பு மை கலந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளை வளையங்கள். ஒவ்வொரு வளையத்துக்கும் நடுவில் ஒரு குட்டி உருண்டை. பூஞ்சை. கிரிப்டோகாக்கஸ் என்று பெயர். அந்த வெள்ளை வளையம்தான் அதன் கவசம். கவசத்தோடு இருப்பதை வெள்ளணுக்களால் எளிதில் விழுங்க முடியாது.

இருபது வருஷத்தில் இந்தப் பூஞ்சையைப் பல முறை பார்த்திருக்கிறேன். என்னைக் கலக்கியது வேறு. ஒரு காயத்தில் கிருமி இருந்தால் சுற்றிலும் வெள்ளணுக்கள் கூட்டமாக நிற்க வேண்டும். செத்ததும் பாதி செத்ததுமாக, ஒரு கலவரம் நடந்த இடம் மாதிரி இருக்கும். மேஸ்திரியின் ஸ்லைடில் யாருமே இல்லை. கிருமிகள் மட்டும், அமைதியாக, நிறைய. வெள்ளணுக்களைக் கூப்பிட்டு "இதை விழுங்கு" என்று ஏவுகிற அணுக்களைத்தான் அந்த வைரஸ் தின்கிறது. ஏவ ஆள் இல்லாததால் யாரும் வரவில்லை.

டாக்டர் வர்ஷாவிடம் நானே பேசினேன். "பூனைகிட்டேருந்து மனுஷங்களுக்கு இது வராது மேடம். ஆனா பூனை இதை எங்கேருந்தோ மூச்சுல இழுத்திருக்கு. பெரும்பாலும் புறா எச்சம். அதே காத்தைத்தானே சாரும் இழுக்கறார்" என்றார். உங்களுக்கு மாற்றுச் சிறுநீரகம் என்று நான் சொன்னதும், "அவருக்கு தலைவலி இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அதையே கேட்கிறேன். தலைவலி இருக்கிறதா? அந்த வீட்டில் புறா எங்கே இருக்கிறது?

வைரஸ் பூனைக்குச் செய்ததை மாத்திரை உங்களுக்குச் செய்திருக்கிறது. ஒரே மாடியில் காவல் குறைந்த இரண்டு உடம்புகள். முதலில் பூனை விழுந்திருக்கிறது.

சுசீலா

பட்டாபிராம்
15.1.2025

அன்புள்ள சுசீலாவுக்கு,

பொங்கலன்று காலை உன் கடிதத்தைப் படித்தேன். பொங்கிய பானையை இறக்கிவிட்டு வந்து அண்ணனும் படித்தார்.

புறா இருக்கிறது. அண்ணன் போன வருஷம் பந்தயப் புறா வளர்க்க ஆரம்பித்தார். மொட்டை மாடியில் என் அறைச் சுவரை ஒட்டித்தான் கூண்டு. நாற்பது புறா. காற்றடித்தால் கூண்டின் தூசி என் ஜன்னல் வழியாக வரும். மேஸ்திரி பகல் முழுவதும் அந்தக் கூண்டுக்கு அடியில்தான் படுத்திருப்பான். உன்னிடம் சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

தலைவலியும் இருக்கிறது. மூன்று வாரமாக. காலையில் எழுந்ததும் பின்மண்டையில் யாரோ கட்டையை வைத்து அழுத்துவது போல. வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசுகிறது. கண்ணாடி என்று உனக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து காலையில் நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி, சிறுநீர் எவ்வளவு போனது என்பது. இரண்டாவது கேள்வி, காய்ச்சல் பார்த்தீர்களா. ஒரு நாள் உன் தங்கை பவித்ராவிடம் போனில், "என் கிட்னி சூப்பரா வேலை செய்யுதுடி" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். நீ எவ்வளவு பயந்துபோயிருந்தாய் என்று அன்று எனக்குப் புரியவில்லை. அந்த வீட்டில் நான் ஏதோ ஒரு பொருளைப் பத்திரமாக வைக்கும் பெட்டி என்றுதான் பட்டது. அந்தப் பொருளுக்கு வாட்ச்மேன் வேலை பார்க்க முடியாமல்தான் கிளம்பி வந்தேன். மேஸ்திரி என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. வந்து உட்காருவான், போவான்.

அண்ணன் கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இன்னாடா இது, என் புறாவாலயா உனக்கு?" என்றார். இன்னும் உறுதியில்லை அண்ணா என்றேன். "உறுதி ஆவுற வரிக்கும் உக்காந்துகினு இருப்பியா? சட்டைய போடு" என்றார். பொங்கல் லீவு முடிந்து நம் சிறுநீரக டாக்டர் நாளைக் காலைதான் வருகிறார், போகிறோம்.

மேஸ்திரிக்கு வர்ஷா கேப்ஸ்யூல் கொடுத்திருக்கிறார். காலை, மாலை. நான் இல்லாவிட்டால் அவனுக்கு யார் கொடுப்பார்கள் என்று தெரியவில்லை.

பரந்தாமன்

மருத்துவமனை
22.1.2025

சுசீலா,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், கோணலாக இருக்கும். செல்போன் திரையைப் பார்த்தால் வாந்தி வருகிறது. காகிதம் பரவாயில்லை.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதே பூஞ்சைதான். மூளையைச் சுற்றிய சவ்வில் இருக்கிறது. நீ கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வாரத்தில் வலிப்பில்தான் வந்து சேர்ந்திருப்பேன் என்றார் டாக்டர்.

விஷயம் இதுதான். இதற்கான ஊசிமருந்து இரண்டு வாரம் ஏற்ற வேண்டும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கூடவே, உடம்பு பூஞ்சையோடு போராட வேண்டுமென்றால் எதிர்ப்பை அடக்கும் என் மாத்திரைகளையும் குறைக்க வேண்டுமாம். குறைத்தால் உடம்பு விழித்துக்கொண்டு உன்னுடையதையும் அந்நியம் என்று தாக்கலாம். இரண்டு பக்கமும் அதற்குத்தான் ஆபத்து. படிவத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நீ கொடுத்தது. உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. அண்ணன் வெளியே காத்திருக்கிறார். பதில் எழுதிக் கொடு.

பரந்தாமன்

22.1.2025

அன்புள்ள உங்களுக்கு,

அண்ணன் லேபுக்கே வந்துவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன எழுதுவது என்று யோசிக்கக்கூட நேரமில்லை. அதுவும் நல்லதுதான்.

கையெழுத்துப் போடுங்கள்.

அது போனால் போகட்டும். போனால் மறுபடியும் டயாலிசிஸ், வாரம் மூன்று நாள். முன்பும் இரண்டு வருஷம் பார்த்தவர்கள்தானே நாம். தலையில் இருப்பது வென்றுவிட்டால் சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

பவித்ராவிடம் நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன். ஆபரேஷனுக்கு அப்புறம் ஒவ்வொரு காலையும், இன்றைக்கு ஏதாவது கெட்டுப்போயிருக்கும் என்ற நினைப்போடுதான் எழுந்தேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்று பொய் சொல்வீர்கள். அளவு கேட்டால் பொய் சொல்ல முடியாது. அதனால் அளவைக் கேட்டேன். அது உங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று இந்த நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

இன்று சாயங்காலம் பட்டாபிராம் போகிறேன். நீங்கள் போட்ட தடையை மீறப் போகிறேன். பூனைக்கு மாலை வேளைக் கேப்ஸ்யூல் இருக்கிறது.

சுசீலா

பட்டாபிராம்
30.1.2025

அன்புள்ள உங்களுக்கு,

இதை அண்ணன் கஞ்சிப் பையில் வைத்து எடுத்து வருவார். ஒரு ஆளைத்தான் வார்டுக்குள் விடுகிறார்கள். அது அவராகவே இருக்கட்டும். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அவருக்குச் சோறு இறங்குகிறது. நான் இரண்டு முறை வந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். இரண்டு முறையும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்.

புறாக்கள் போய்விட்டன. வேப்பம்பட்டில் அண்ணனுடைய கூட்டாளி ஒருவர் தோப்பு வைத்திருக்கிறாராம், வீடு எதுவும் பக்கத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூடைகளில் ஏற்றினார்கள். அண்ணன் ஒவ்வொன்றையும் எடுத்து நெஞ்சில் ஒரு நொடி வைத்துவிட்டு உள்ளே விட்டார். கூண்டைப் பிரிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் தண்ணீர் ஊற்றி நனைக்கச் சொன்னேன், தூசி கிளம்பக் கூடாது. நானும் முகக்கவசம், கையுறையோடு நின்றேன். உங்கள் அறைச் சுவரை இரண்டு தடவை கழுவியாயிற்று.

எனக்கு இங்கே ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. லேபிலிருந்து வந்தால் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறேன். ரயில்வே சைடிங்கில் சரக்கு வண்டி நகரும் சத்தம் கேட்டால்கூட எழுந்து நிற்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை.

மேஸ்திரி சாப்பிடுகிறான். நேற்று மத்தி மீன் வாங்கினேன். வீக்கம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. அவனைப் பற்றி யோசிக்காமல் தூங்குங்கள்.

சுசீலா

மருத்துவமனை
4.2.2025

அன்புள்ள சுசீலாவுக்கு,

இன்று எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன். கட்டை போல அழுத்தியது போய், இப்போது ஈரத்துணி வைத்தது போல் இருக்கிறது. நேற்று எடுத்த முதுகு நீரில் பூஞ்சை குறைந்திருக்கிறது. சிறுநீரகத்தின் கிரியாட்டினின் கணக்கு போன வாரம் 2.6 வரை ஏறியது உனக்குத் தெரிந்திருக்கும். இன்று 2.2. முன்பெல்லாம் 1.3 இருந்தது. நீ அளவு கேட்க மாட்டாய் என்று நினைத்து நானாகவே எழுதுகிறேன்.

மேஸ்திரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுது. சாப்பிடுகிறான் என்ற ஒரு வரி போதவில்லை. கேப்ஸ்யூலை எப்படி விழுங்க வைக்கிறாய்? என்னிடம் துப்பிவிடுவான். செங்கல் அடுக்குக்குப் போகிறானா? டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அவன் கதையைச் சொன்னேன். "உங்க பூனைதான் உங்களை ரெஃபர் பண்ணியிருக்கு" என்று சிரித்தார். பயிற்சி டாக்டர்கள் நான்கு பேருக்கும் அவனைப் பற்றித் தெரியும்.

பரந்தாமன்

பட்டாபிராம்
8.2.2025

அன்புள்ள உங்களுக்கு,

நான்கு நாளாக இந்தக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது இதைக் கொடுக்கச் சொல்லி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

மேஸ்திரி ஜனவரி இருபத்தெட்டாம் தேதி போய்விட்டான்.

நான் வந்த மூன்றாம் நாளிலிருந்தே தட்டைத் தேடித் தடுமாறினான். மீன் வாசனை வரும், தட்டு எங்கே என்று தெரியவில்லை. பிறகு ஒரே பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தான். செவ்வாய்க்கிழமை காலை லேபுக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடையில் துணி போட்டு ஆட்டோவில் ஆவடிக்குக் கொண்டுபோனேன். வர்ஷா கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "மூளைக்குப் போயிடுச்சு மேடம்" என்றார். மருந்து தவறாமல் கொடுத்தேனே என்றேன். "நீங்க குடுத்தது சரிதான். இந்த மருந்து கிருமியை வளர விடாம பிடிச்சு வைக்கும். ஒழிக்கிற வேலையை உடம்புதான் செய்யணும். இவன் உடம்புல அந்த வேலைக்கு ஆள் இல்ல" என்றார். உங்களை விசாரித்தார். பிறகு என் முழங்கை மடிப்பில் தலையை வைத்தபடி அவன் படுத்திருக்கும்போதே ஊசி போட்டார். நான் கையை எடுக்கவில்லை. பூனையைத் தொடுவது எனக்குப் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அவன் கனமாக இருந்தான்.

வர்ஷா சொன்னபடி ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு, கொல்லையில் புதைத்தோம். அண்ணன்தான் வெட்டினார். "என் புறாவுக்கு இவன் ஒரு நாளும் கெடுதல் பண்ணல. கீழயே படுத்துகினு இருப்பான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்றைக்குத்தான் உங்கள் கிரியாட்டினின் 2.6. அது உங்களுக்குத் தெரிந்த வேளையில் இதையும் எழுதி அனுப்ப என்னால் முடியவில்லை. மத்தி மீன் என்று எழுதினேன். எழுதியது முழுப் பொய்யாக இருக்கக் கூடாது என்று போய் மத்தி வாங்கி வந்து நானே குழம்பு வைத்துத் தின்றேன்.

நீங்கள் மூன்று வாரம் தலைவலியை மறைத்ததற்கு என்னென்னவோ நினைத்துக் கொதித்தேன். நான் பதினொரு நாள் மறைத்திருக்கிறேன். மறைக்கிறவருக்கும் வலிக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. அவன் கேப்ஸ்யூலைத் துப்பவில்லை. அந்த ஒன்று மட்டும் நிஜம்.

என்மேல் கோபம் இருந்தால் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

சுசீலா

மருத்துவமனை
10.2.2025

அன்புள்ள சுசீலாவுக்கு,

அண்ணன் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். படித்து முடித்து நான் அழுததைப் பார்த்து நர்ஸ் ஓடிவந்து, மறுபடியும் தலைவலியா என்று கேட்டார். இல்லம்மா, வீட்டுல ஒரு சாவு என்றேன்.

கோபம் இல்லை. மத்தி மீன் என்று படித்த அன்றே எனக்கு லேசாகச் சந்தேகம். அவன் மத்தியைத் தொடவே மாட்டான், சங்கரா மட்டும்தான். உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் நம்ப ஆசையாக இருந்தது, நம்பிக்கொண்டேன். அந்த இரண்டு வாரமும் அவன் கூண்டு இல்லாத மாடியில் நடந்துகொண்டிருப்பதாக நினைத்துத்தான் ஊசிக்குக் கையை நீட்டினேன்.

அவன் தலை உன் கையில் இருந்தது என்று எழுதினாயே, அதை நான்கு தடவை படித்தேன்.

கிரியாட்டினின் 1.9-இல் நிற்கிறது. இதற்குமேல் இறங்காது என்கிறார் டாக்டர். இதை வைத்துக்கொண்டு பல வருஷம் ஓட்டலாமாம். பூஞ்சை மாத்திரை ஒரு வருஷம் போட வேண்டும்.

வியாழக்கிழமை டிஸ்சார்ஜ். காகிதத்தில் உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம், அண்ணன் போடுவார். எந்த மாத்திரை எந்த வேளை என்பதை நானே கேட்டு எழுதிக்கொண்டேன். துணிமணியை அண்ணன் மூட்டை கட்டிவிட்டார். வண்டிக்குச் சொல்லியாயிற்று. அம்பத்தூருக்கா பட்டாபிராமுக்கா என்று டிரைவர் கேட்டார், அன்றைக்குச் சொல்கிறேன் என்றேன்.

நீ வந்தால் செய்வதற்கு இங்கே உனக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா வா.

பரந்தாமன்